மாயாஜாலக் காமிக்ஸைப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க: ‘போன்’ தொடரிலிருந்து தொடங்கும் வழி

பெரியவரும் பிள்ளையும் ஒரே காமிக்ஸை, ஒரே மெத்தையில் படுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். இருவரில் ஒருவரும் கொட்டாவி விடக்கூடாது. இந்தச் சோதனையில் தேறுகிற மாயாஜாலக் கதைகள் குறைவு. பிள்ளைக்கென்றே எழுதியதில் பத்தாம் பக்கத்தில் பெரியவருக்குக் கண் செருகும். பெரியவருக்கென்று எழுதியதைப் பிள்ளை கையில் கொடுக்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் அட்டையைப் பார்த்து நாலு புத்தகம் வாங்கி, நாலையும் பாதியில் விடுவது இதனால்தான். ஒன்றில் தொடங்குங்கள். அந்த ஒன்று ஜெஃப் ஸ்மித் எழுதி வரைந்த ‘போன்’ ஆக இருக்கட்டும்.

(தமிழில் எழுதினால் தொலைபேசி மாதிரித்தான் தெரியும். இது எலும்பு. கதாநாயகன் பெயர் இன்னும் மோசம்: ‘ஃபோன் போன்’. முதல் நாளே பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.)

ஸ்மித் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர். 1991 ஜூலையில் தன் சொந்தப் பதிப்பகமான கார்ட்டூன் புக்ஸ் வழியாகக் கருப்பு வெள்ளையில் முதல் இதழைக் கொண்டுவந்தார். 55 இதழ்களில், 2004இல் கதையை முடித்தார். மொத்தம் 1,300 பக்கங்களுக்கு மேல். காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் இந்தத் தொடருக்குப் பத்து முறை கிடைத்திருக்கிறது. விருதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: இந்தக் கதைக்கு முடிவு இருக்கிறது. இழுத்துக்கொண்டே போகும் சமாசாரம் இல்லை.

கதை இவ்வளவுதான் என்று தெரிந்தால் போதும். ஒன்றுவிட்ட சகோதரர்கள் மூன்று பேர், எலும்பு நிறத்தில் மொழுமொழுவென்று இருப்பவர்கள். ஃபோன் நல்ல மனசுக்காரன், ஃபோனி பணப்பேய், ஸ்மைலி எதற்கும் இளிப்பவன். சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு, வெட்டுக்கிளிக் கூட்டத்தில் சிக்கிப் பிரிந்து, தெரியாத பள்ளத்தாக்கு ஒன்றில் வந்து சேர்கிறார்கள். அங்கே தார்ன் என்ற இளம்பெண், மாடுகளோடு ஓட்டப்பந்தயம் ஓடும் பென் பாட்டி, பெரிய சிவப்பு டிராகன், கூடவே மயிர் மண்டிய எலி மிருகங்கள். இதற்கு மேல் முன்னுரை சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

எந்தப் பதிப்பை வாங்குவது

முக்கியமாக இரண்டு வடிவம் உண்டு. 2004இல் வந்த ஒரே தொகுப்பு: முழுக்கதையும் கருப்பு வெள்ளையில், செங்கல் கனத்தில். அடுத்தது, 2005 முதல் ஸ்காலஸ்டிக் நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் பிரிவு வண்ணத்தில் வெளியிட்ட ஒன்பது தொகுதிகள். வண்ணம் சேர்த்தவர் ஸ்டீவ் ஹாமேக்கர்.

பிள்ளையோடு வாசிப்பதென்றால் வண்ணத் தொகுதி. அதிலும் முதல் தொகுதி மட்டும். விலை சல்லிசாக விழுகிறதென்று பெரிய தொகுப்பை முதலில் வாங்காதீர்கள். படுத்துக்கொண்டு பிடித்தால் கை வலிக்கும். மடியில் வைத்தால் நடு மடிப்புப் பக்கம் இருக்கும் கட்டங்கள் உள்ளே அமுங்கிப் போகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கனத்தைப் பார்த்தாலே பாடப்புத்தக நினைப்பு வரும். ஆனால் ஒன்பதும் முடித்த பிறகு, பெரியவர் தனக்கென்று அந்தத் தொகுப்பை வாங்கலாம். ஸ்மித்தின் தூரிகைக் கோடு அதில்தான் துல்லியமாகத் தெரியும். எலி மிருகங்கள் கன்னங்கரேலென்று பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்க, எதிரே மெல்லிய ஒரு கோட்டில் மட்டும் வரைந்த வெள்ளைப் போன். வண்ணம் ஏறும்போது இந்த முரண் கொஞ்சம் மட்டுப்படுகிறது.

பழைய புத்தகக் கடையிலோ இணையத்திலோ வாங்கும்போது தொகுதி எண்ணைப் பாருங்கள். ஒரே மாதிரி அட்டையில் மூன்று வேறு சரக்குகள் கிடைக்கும். ‘ரோஸ்’ என்பது முன்கதை. ஓவியம் சார்லஸ் வெஸ். முன்கதைதானே, முதலில் படிக்கலாம் என்று தோன்றும். படித்தால் முதல் நாலு தொகுதிகளின் ரகசியமெல்லாம் போச்சு. ஒன்பதுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ‘டால் டேல்ஸ்’ குட்டிக் கதைகள். எப்போது படித்தாலும் நஷ்டமில்லை. ‘குவெஸ்ட் ஃபார் த ஸ்பார்க்’ என்று மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. அவை காமிக்ஸே அல்ல, நடுநடுவே படம் போட்ட நாவல்கள். பார்சலைப் பிரித்ததும் பிள்ளையின் முகம் வாடும்.

ஒரு இரவுக்கு எவ்வளவு

முதல் தொகுதி முதல் ஆறு இதழ்களைக் கொண்டது. அதனால் ஆறு அத்தியாயம். ஓர் அத்தியாயம் ஏறத்தாழ இருபது பக்கம். சத்தமாக, படத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தால் இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். இரவுக்கு ஒன்று என்று வைத்தால் முதல் தொகுதி ஆறு இரவு; ஒரு நாள்கூட விடாமல் போனால் முழுத் தொடருக்கும் இரண்டு மாதம் ஆகும்.

ஆனால் அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். தனித்தனி இதழாக வந்த கதை இது. அடுத்த இதழை வாங்க வைப்பதற்காக ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் யாராவது ஆபத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே விளக்கை அணைத்தால் பிள்ளை தூங்காது. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று பதினொரு மணி ஆகும். அடுத்த அத்தியாயத்தில் மூன்று நாலு பக்கம் உள்ளே போய், யாராவது சாப்பிடுகிற, சிரிக்கிற, சண்டை தீர்கிற இடம் பார்த்து நிறுத்துங்கள்.

படத்தை வாசிப்பது

காமிக்ஸ் பழக்கமில்லாத பெரியவர்கள் செய்யும் முதல் தவறு, பேச்சுக் குமிழிகளை மட்டும் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது. பத்தே நிமிடத்தில் தொகுதி முடிந்துவிடும்; ‘இதிலே என்ன இருக்கு’ என்ற கேள்விதான் மிஞ்சும். பிள்ளைகள் இதற்கு நேர்மாறு, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மேய்வார்கள். இந்த விஷயத்தில் பிள்ளைதான் குரு.

வழி இது. பக்கத்தைத் திறந்ததும் ஐந்து விநாடி யாரும் பேசக்கூடாது. கண் முழுப் பக்கத்தையும் ஒருமுறை சுற்றி வரட்டும். பிறகு மேல் இடது மூலையிலிருந்து கட்டம் கட்டமாக, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் பேசினால் மேலே இருக்கும் குமிழி முதலில். எழுத்தில்லாத கட்டம் வந்தால் தாண்டாதீர்கள். விரலை அதன்மேல் வைத்து, மனசுக்குள் மூன்று எண்ணுங்கள்.

ஏன் என்பதற்கு முதல் தொகுதியிலேயே இரண்டு இடங்கள். எலி மிருகங்கள் துரத்த, ஃபோன் போன் பாறை விளிம்பிலிருந்து விழுந்து, ஒடிந்துவிடும் போலிருக்கும் ஒரு சின்னக் கிளையைப் பிடித்துத் தொங்குகிறான். கீழே பாதாளம். இந்தச் சுள்ளியில் என் பின்னாலேயே குதிக்க அதுகள் என்ன அவ்வளவு முட்டாள்களா என்று சொல்லிக்கொள்கிறான். அடுத்து பார்த்தால் அந்தத் தடித்த உடம்புகள் அதே கிளையில். பிறகு எல்லோரும் சேர்ந்து கீழே. முட்டாள், முட்டாள் எலி மிருகங்களே என்று திட்டிக்கொண்டே விழுகிறான். அதுகள் ஏன் குதித்தன, என்ன நினைத்தன என்று ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடத்தில்தான் அந்த முட்டாள்தனம் முழுவதும் இருக்கிறது. அதை நிரப்புவது வாசிக்கிறவர் வேலை. வேகமாகப் புரட்டினால் நகைச்சுவை செத்துப்போகும். ‘பாத்தியா, கிளை தாங்கலை, அதான் விழுந்துட்டாங்க’ என்று விளக்கினாலும் அதே கதிதான்.

இன்னொரு இடம், குளிர்காலம் வருவது. இலை உதிர்வது, காற்று மாறுவது என்று எந்த முன்னேற்பாடும் இல்லை. மொத்தப் பனியும் வானத்திலிருந்து ஒரே மூட்டையாகத் தொப்பென்று விழுகிறது. பிள்ளை உருண்டு சிரிக்கும். பருவம் மாறுவது நம் வசதியைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்று பழகிய பெரியவருக்கு அதே பக்கம் வேறு மாதிரிச் சிரிப்பைத் தரும். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் வீடுகளுக்கு இந்த இரட்டை வாசிப்பு புதிதல்ல. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், ஒரு கையில் வாளோடு, தோளில் பிணத்தோடு நடந்துபோவான். குழந்தைகள் அந்தப் பிணத்தைப் பார்த்துப் பயந்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் வேதாளத்தின் கேள்விக்கு ராஜா சொன்ன தீர்ப்பு சரியா என்று வழக்காடினார்கள். ‘போன்’ வாசிக்கவும் அதே பழக்கம் போதும்.

தமிழில் சொல்வது

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது, அல்லது வந்தாலும் இரவில் கதை தமிழில்தான் கேட்க வேண்டும். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் எடுத்த எடுப்பில் வாய்க்கு வந்தபடி சொன்னால் மூன்றாம் நாள் மாட்டிக்கொள்வீர்கள். முதல் அத்தியாயத்தைப் பெரியவர் முந்தின நாளே தனியாகப் படித்து, நாலு விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பெயர்களை மாற்றாதீர்கள். ஃபோனி என்றால் போலி, ஸ்மைலி என்றால் சிரிப்பான் என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். ‘கிரான்மா பென்’ மட்டும் ‘பென் பாட்டி’ ஆகட்டும். உறவுச்சொல் நம் வாயில் தானாக வந்துவிடும்.

யார் யாரை ‘நீ’ என்பார், யார் ‘நீங்க’ என்பார்? ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது; தமிழில் முதல் குமிழியிலேயே வந்துவிடும். ஃபோன் போனுக்குத் தார்ன்மேல் பார்த்த மாத்திரத்தில் மையல். தலைக்கு மேல் இதயங்கள் பறக்கும். அவன் அவளிடம் தொடக்கத்தில் ‘நீங்க’ என்று பேசி, பாட்டி வீட்டில் ஒண்டியபின் ‘நீ’க்கு வரட்டும். எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று பிள்ளை கண்டுபிடித்துக் கேட்கும். பாட்டியை எல்லோரும் ‘நீங்க’ என்பார்கள், ஃபோனி ஒருவனைத் தவிர. அவன் யாரையும் மதிக்காத ஆள். எலி மிருகங்கள் தங்களுக்குள் ‘டேய்’ போட்டுக்கொள்ளலாம். டிராகன் எல்லோரையும் ‘நீ’ என்றே சொல்லட்டும், அவசரமே இல்லாத குரலில்.

மூன்றாவது, சாப்பாடு. முட்டாள் எலி மிருகங்களில் ஒன்றுக்கு, ஃபோன் போனைப் பிடித்து ‘கிஷ்’ செய்ய வேண்டும் என்று தீராத ஆசை. முட்டையும் பாலாடையும் அடித்து மாவு ஓட்டுக்குள் ஊற்றிச் சுடும் பிரெஞ்சுப் பலகாரம் அது. குழம்பு வைத்தால் போதாதா என்று மற்றது மல்லுக்கு நிற்கும். பச்சையாகத் தின்கிற மிருகத்துக்கு இப்படி ஒரு நாசூக்கு என்பதுதான் வேடிக்கை. ‘கிஷ்’ என்றே சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. குழிப்பணியாரம் என்று வைத்துக்கொள்ளலாம். குழிக் கல்லை எங்கே போய்த் தேடுவது என்று அந்த மிருகம் கவலைப்படுவதுபோல் குரல் கொடுக்கவும் வசதி. எந்தப் பலகாரத்தை வைத்தாலும் கடைசிவரை மாற்றாதீர்கள். இந்தச் சண்டை திரும்பத் திரும்ப வரும்.

நாலாவது ஓசைகள். கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் வரைந்திருக்கும் சத்தங்களை விட்டுவிட்டு வாசிப்பவர்கள் பாதிப் புத்தகத்தை விட்டுவிடுகிறார்கள். தமிழுக்கு இங்கே கைச்சரக்கு ஏராளம்: மாடுகள் தடதட, புதர் சரசர, பனி தொப், கதவு மடார். எழுத்தின் அளவைப் பார்த்துக் குரலின் அளவை வையுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைத்தால் இன்னும் நல்லது. ஆங்கிலம் வராத பிள்ளைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வேலை கிடைத்துவிடும்.

பெரியவருக்கு அதில் என்ன இருக்கிறது

இரண்டாம் தொகுதியில் மாட்டுப் பந்தயம் வருகிறது. அதுவரை பிள்ளைக்காகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் பலரும் தனக்காகப் படிக்கத் தொடங்குவது இங்கேதான். ஃபோனி பந்தயச் சூதாட்டத்தில் ஊரையே ஏமாற்றத் திட்டம் போடுகிறான். மர்ம மாடு ஒன்று ஓடப்போகிறது என்று வதந்தியைக் கிளப்புகிறான். மாட்டுத் தோலைப் போர்த்துக்கொண்டு ஓடப்போவது ஸ்மைலி. வதந்தி எப்படி விலை ஏறுகிறது என்பதை ஸ்மித் கட்டம் கட்டமாகக் காட்டுவார். பிள்ளைக்கு அது மாட்டு வேஷம். சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டுப் பார்த்தவருக்கு வேறு.

நாலாம் தொகுதி இன்னும் கூர்மை. டிராகன் என்று ஒன்று இருப்பதையே நம்பாத ஃபோனி, டிராகன் வரப்போகிறது, உங்களைக் காப்பாற்ற என் ஒருவனால்தான் முடியும் என்று கிராமத்தைப் பயமுறுத்தி வசூல் செய்கிறான். பொய் சொன்னவன் எப்போது பிடிபடுவான் என்று பிள்ளை காத்திருக்கும். பெரியவர் கண் வசூல் கொடுக்கிறவர்களின் முகத்தில் நிற்கும். படத்தில் ஒவ்வொரு முகமும் தனியாக வரையப்பட்டிருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள்.

இதோடு ஃபோன் போன் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரியும் ‘மோபி டிக்’ நாவல். அவன் அதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினால் போதும், சுற்றியிருப்பவர்கள் சொக்கி விழுவார்கள். தடித்த திமிங்கிலக் கதை என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இருட்டுகிற இடம்

முதல் இரண்டு தொகுதிகள் சிரிப்பு. மூன்றாவதிலிருந்து கெட்ட கனவுகள், முக்காடிட்ட உருவம், தார்னின் பிறப்பு ரகசியம். ஆறிலிருந்து போர். வாள், ரத்தம், சாவு எல்லாம் உண்டு; கோரமாக வரையப்படவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. ஸ்மைலி சுருட்டுப் பிடிப்பான், ஊர்க்கூடம் ஒரு மதுக்கடை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுப் பட்டியலில், அதிக எதிர்ப்புக்கு ஆளான பத்துப் புத்தகங்களில் ஒன்றாக இது இடம்பிடித்தது. நீங்கள் முன்கூட்டித் தெரிந்துகொண்டால் திடுக்கிட வேண்டியதில்லை.

ஏழெட்டு வயதில் முதல் இரண்டு தொகுதிகளைப் படித்து, அங்கேயே நிறுத்தி, ஒரு வருடம் கழித்து மூன்றாவதைத் தொடங்குவது நல்ல ஏற்பாடு. ஒன்பது பத்து வயதென்றால் இடைவெளி தேவையில்லை. பயந்த பிள்ளையிடம் ‘இதெல்லாம் சும்மா கதை’ என்று சொல்லாதீர்கள். கதைதான் என்று அதற்கும் தெரியும். பயமுறுத்திய பக்கத்துக்கே மறுநாள் பகலில் திரும்பிப் போய், அந்த உருவத்தைப் பென்சிலில் வரையச் சொல்லுங்கள். வரைந்து பார்த்ததில் பயம் பாதி குறையும்.

சறுக்கும் இடங்கள்

ஆங்கிலப் பாடமாக மாற்றுவதுதான் பெரிய சறுக்கல். ‘இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொல்லு’ என்று நாலு தடவை கேட்டால், ஐந்தாம் நாள் புத்தகத்தைக் காணோம் என்பான். நீதி கேட்பதும் அப்படியே. கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் வேதாளம் மாதிரி, உங்களுக்கே பதில் தெரியாததாகக் கேளுங்கள்: இவ்வளவு கெடுதல் செய்தும் ஃபோனியை மற்ற இருவரும் ஏன் விட்டுப் போவதில்லை?

பிள்ளை பகலில் தனியாகப் படித்து முன்னே ஓடிவிடும். கோபிக்காதீர்கள், இரவில் அதைச் சொல்ல விட்டு நீங்கள் கேளுங்கள். ஐந்தாம் தொகுதியில் பெரியவர்கள் சோர்வது வழக்கம்: மூலக்கதை நின்று, மலைச்சிங்கம், அனாதைக் குட்டிகள் என்று பக்கவழியில் போகும். தாண்டாதீர்கள். கூடவே வரும் எலி மிருகக் குட்டிக்கு ஒன்பதாம் தொகுதிவரை வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்கு உயிரும் அதன்மேல்தான்.

அடுத்து

இன்னும் சின்னப் பிள்ளை என்றால் பெல்ஜியத்து ஓவியர் பேயோ 1958இல் உருவாக்கிய ஸ்மர்ஃப்கள்; சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. டோவே யான்சனின் மூமின் கீற்றுகள் 1954 முதல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் வந்தவை. தினம் மூன்று நாலு கட்டம் என்று வந்ததால், ஒரே மூச்சில் படித்தால் திகட்டும். இரவுக்கு ஏழெட்டுக் கீற்று போதும். லிண்டா மெட்லியின் ‘காஸல் வெயிட்டிங்’ பெரியவருக்கு: தூங்கும் அழகி விழித்து இளவரசனோடு போனபின், அந்தக் கோட்டையில் மிஞ்சியவர்களின் கதை. சண்டை கிடையாது, சமையலும் பேச்சும்தான். அவசரக்காரருக்கு ஆகாது.

வாங்கக் கூடாதவை இரண்டு, அதாவது, பிள்ளைக்கு. ‘ஃபேபிள்ஸ்’, 2002 முதல் 150 இதழ்களுக்கு மேல் வந்தது. நியூயார்க்கில் ஒளிந்து வாழும் தேவதைக் கதை மாந்தர் என்றதும் ஆசையாக இருக்கும். உள்ளே கொலையும் கட்டில் காட்சியும். ‘பியூட்டிஃபுல் டார்க்னஸ்’ அதைவிட வஞ்சகம். நீர்வண்ணத்தில் கொஞ்சத் தோன்றும் குட்டி மனிதர்கள். அவர்கள் வெளியே வருவதோ காட்டில் இறந்து கிடக்கும் ஒரு சிறுமியின் உடலிலிருந்து. அட்டை அழகாக இருந்தால் நடுவில் ஒரு பக்கமும் கடைசிக்கு முன் ஒரு பக்கமும் திறந்து பார்த்துவிட்டே பில் போடச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் டிரங் லெ நுயென்னின் ‘த மேஜிக் ஃபிஷ்’ (2020). வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த தாயும் அங்கே வளரும் மகனும், நூலகத்துத் தேவதைக் கதைகளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்கள். தாய்க்கு ஆங்கிலம் முழுசாக வராது, மகனுக்கு வியட்நாமிய மொழி அவ்வளவாக வராது. டொரன்டோவிலோ லண்டனிலோ பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு முன்னுரையே தேவைப்படாது. பக்கங்கள் மூன்று நிறத்தில் ஓடும்: இன்றைய வீடு சிவப்பில், தாயின் பழைய நாட்கள் மஞ்சளில், தேவதைக் கதைகள் நீலத்தில். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இருபது முப்பது பக்கத்தில் அதுவே கண்டுபிடித்து, உங்களுக்குச் சொல்லித் தரும்.